‘அலாஸ்கா கிட்’ வாங்கி ஏமாந்தேன்: கப்பலேறப் போகிற அம்மா அப்பாமாருக்கு

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் இப்போது இது ஒரு புது வழக்கம். முன்பு கனடாவுக்குக் கூப்பிட்டால் நயாகராவைக் காட்டி, நாலு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பெட்டி சொக்கலேற்றும் தந்து திருப்பி அனுப்புவார்கள். இப்போது கப்பல். எங்கள் மகளும் போன வருடம் ஆனி மாதம் எங்கள் இரண்டு பேரையும் வன்கூவரில் இருந்து ஏழு இரவு அலாஸ்காக் கப்பலில் ஏற்றி, பேரனோடு தானும் கூட வந்தாள். கப்பலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை முழுக்க அதற்கு முன்னமே, இங்கே ஏ9 வீதியோரம் ஒரு கடையில், நான் 28,500 ரூபாவை எண்ணிக் கொடுத்த அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது.

கடையின் பெயரை எழுதவில்லை. ஊரையும் விடுங்கள், வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோக் கொப்பி, விசா விண்ணப்பம் நிரப்புதல், பிளேன் ரிக்கெற், போன் சாமான் என்று எல்லாம் செய்கிற கடை. நான் போனது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பம் நிரப்ப. (அலாஸ்கா அமெரிக்காவில் இருப்பதால் கனடா விசா மட்டும் போதாது, அமெரிக்க விசாவும் வேண்டும். இதைத் தெரியாமல் கப்பலுக்குக் காசு கட்டினவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.) விண்ணப்பத்தில் அலாஸ்கா என்று கண்டதும் பெடியன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஐயா, அலாஸ்காவோ? அங்கத்தைய நுளம்பைப் பற்றித் தெரியுமோ?”

போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒருவருடைய கையுறை முழுக்கக் கறுப்பாக நுளம்பு மொய்த்திருக்கிறது, துணி நிறமே தெரியவில்லை. என் மனைவி பக்கத்தில் நின்று “ஐயோ” என்றாள், அத்தோடு வியாபாரம் முடிந்தது. அந்த வீடியோ பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அலாஸ்காவின் வடக்கே, மரமே முளைக்காத ஈரவெளியில் எடுத்தது. கப்பல் போவது அதன் தென்கிழக்குக் கரையோரம். வன்னியில் மருந்து விற்க வந்தவன் யால காட்டுச் சிறுத்தையைக் காட்டிப் பயமுறுத்தின மாதிரி.

இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிற விஷயம் ஒன்று. நுளம்பைப் பற்றி வன்னியில் வளர்ந்தவனுக்கு ஒருத்தன் பாடம் எடுத்தான், நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே, தறப்பாளுக்குக் கீழே படுத்த காலம், வீட்டுக்கு ஒருவர் மலேரியாவில் நடுங்கிக்கொண்டு கிடப்பார். குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்னும் என் அடித்தொண்டையில் நிற்கிறது. 1999இல் இலங்கை முழுக்க இரண்டரை இலட்சத்துக்கு மேல் மலேரியா நோயாளிகள், அதில் பெரும் பங்கு எங்கள் வடக்கு கிழக்குக்குத்தான். பிறகு படிப்படியாகக் குறைந்து 2012 ஒக்ரோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றின மலேரியா இல்லை என்றாகி, 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழும் தந்துவிட்டது. நாடு மறந்தாலும் உடம்பு மறக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் ‘ங்ங்’ என்றால் இப்போதும் என் மனைவி எழும்பிப் போய்ப் பேரப்பிள்ளையின் வலையைச் செருகிவிட்டுத்தான் வருவாள். அந்தப் பயத்தைத்தான் அவன் விற்றான். அலாஸ்கா நுளம்பு மலேரியாவோ டெங்குவோ பரப்புவதில்லை என்பதை அன்றைக்கு யாராவது எங்கள் காதில் போட்டிருந்தால் மனைவி அந்தப் பையைத் தொட்டே இருக்க மாட்டாள்.

சரி, பையில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். கையில் கட்டுகிற மணிக்கூடு மாதிரி இரண்டு கருவி, ஒன்று 7,500. அது மனிதக் காதுக்குக் கேட்காத சத்தம் போடுமாம், பெண் நுளம்பு அதைக் கேட்டு ஓடுமாம். பூசுகிற ஸ்ப்ரே இரண்டு போத்தல், ஒன்று 4,000, மேலே ‘கனடாத் தயாரிப்பு, டீட் 50%’ என்று ஸ்ரிக்கர் (டீட் என்பது பூச்சியை அண்டவிடாத மருந்து). அறைக்கு அடிக்கிற பூச்சி மருந்து ஒரு பெரிய ரின், 2,500. மிச்சம் 3,000 ரூபாவுக்கு ஒரு களிம்பும், கப்பல் அறையில் கொளுத்த என்று ஒரு பெட்டி நுளம்புத்திரியும். திரி எங்கள் சந்திக் கடையில் விற்கிற அதே திரிதான், பெட்டியை மட்டும் மாற்றியிருந்தான்.

பற்றுச்சீட்டுக் கேட்டேன். ஒரு கடதாசித் துண்டில் ‘கிட் – 28,500’ என்று எழுதித் தந்தான். கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன் பாருங்கள், அந்த இடத்தில் என்னை நானே அடிக்க வேண்டும்.

ரின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பறிபோனது. “இறங்கின உடனே தேவைப்படும், கையோடு வைத்திருங்கோ” என்று அவன் சொன்னதால் கைப்பையில் வைத்திருந்தோம். 100 மில்லிலீற்றருக்கு மேல் எந்தத் தண்ணீர்ச் சாமானும் ஸ்ப்ரேயும் கைப்பையில் போகாது, அதிலும் இது பூச்சி கொல்லுகிற மருந்து. பிளேன் ரிக்கெற் விற்கிற கடைக்காரனுக்கு இது தெரியாது என்று நம்ப நான் என்ன சின்னப்பிள்ளையா? திரிப்பெட்டி வன்கூவரில் கப்பலேறும் இடத்தில் போனது. கப்பலில் மெழுகுதிரி, ஊதுபத்தி ஒன்றும் கொளுத்த விடமாட்டார்கள், நடுக்கடலில் நெருப்பு என்றால் ஓட இடமில்லை. பையைச் சோதித்த பெண்பிள்ளை அந்தப் பச்சைச் சுருளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகள் ஆங்கிலத்தில் ஏதோ விளங்கப்படுத்தினாள், பின்னால் நின்ற வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது.

அப்புறம் கப்பலில் நுளம்பு என்று பார்த்தால், ஒன்றுகூட இல்லை. நுளம்பு மணிக்கு இரண்டு கிலோமீற்றர் அளவில் மெல்லப் பறக்கிற சீவன், கொஞ்சம் காற்று அடித்தாலே திணறிப்போகும், ஓடுகிற கப்பலின் மேல்தட்டில் அது எப்படி நிற்கும்? மேல்தட்டில் நாங்களே நிற்கமுடியாமல் மப்ளரை இறுக்கிக்கொண்டு நின்றோம். யூனோவில் பனிப்பாறை பார்க்கப் போனோம், அந்தப் பக்கத்துக் குளிர்காற்றில் ஒன்றுமில்லை. ஸ்காக்வேயில் மலையேறுகிற பழைய ரயில், அங்கேயும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. இவ்வளவு நாளும் நான் அந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு, அதன் சின்ன நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, “பார்த்தியா, ஒன்றும் அண்டவில்லை” என்று மனைவிக்குப் பெருமை வேறு அடித்தேன்.

கடைசித் துறை கெச்சிக்கான். ஆண்டுக்கு மூன்றரை மீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர், ஐப்பசி கார்த்திகைக்காகப் பார்த்துக்கொண்டு கிடக்கிற எங்களுக்கு அது கற்பனைக்கே எட்டாது. மரமெல்லாம் பாசி, கால் வைத்த இடமெல்லாம் ஊற்று. அன்றைக்குக் காற்று இல்லை. பேரன் ஆறு பார்க்க வேண்டும் என்றான், காட்டுப் பாதையில் இறங்கினோம். கருவி இரண்டு கையிலும், ஸ்ப்ரே கழுத்திலும் கையிலும் குளிக்கக் குளிக்க அடித்தாயிற்று. அரை மணித்தியாலத்தில் மனைவி காதுக்குப் பின்னால் தடவினாள், விரலில் இரத்தம்.

கடித்தது நுளம்பு இல்லை. சின்னக் கறுப்பு ஈ, காலில் வெள்ளைப் பட்டி. எங்கள் பக்கம் பழத்தில் மொய்க்கிற சின்னதைக் கொசு என்போமே, அதைவிடக் கொஞ்சம் பெரிது. ஓடுகிற தண்ணீரில் பெருகுகிற இனம், பகலில்தான் கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, பிறகுதான் இரத்தம் வடியும், வீங்கும். பின்னேரம் கப்பலுக்குத் திரும்பும்போது மனைவியின் காது கத்தரிக்காய் நிறத்தில் தடித்துப்போய் நின்றது. நுளம்புக்கு என்று விற்ற கருவிக்கு ஈயோடு என்ன கோபம் என்று கேட்காதீர்கள், நுளம்பும் நாலு என் மணிக்கட்டில் கடித்திருந்தது. கருவி கட்டின அதே மணிக்கட்டு.

அன்றிரவு குளியலறையில் வெந்நீர் ஆவியில் அந்த ஸ்ப்ரேப் போத்தலின் ஸ்ரிக்கர் ஒரு மூலையில் கிளம்பி நின்றது. நகத்தால் இழுத்தேன், முழுசாக வந்துவிட்டது. கீழே இன்னொரு லேபல். மல்லிகைப்பூப் படம். கார் உள்ளே மணக்க அடிக்கிற வாசனைத் தண்ணீர். அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிழமையாகக் கழுத்தில் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

மகள் ஸ்ரிக்கரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அப்பா, கனடாவில் ஆளுக்குப் பூசுகிற மருந்தில் 30 சதவீதத்துக்கு மேல் டீட் விற்க விடமாட்டார்கள். 50 என்று போட்டு கனடாத் தயாரிப்பு என்றால் அந்த இடத்திலேயே பொய்.” அங்கே உண்மையான போத்தலில் பி.சி.பி. என்று எழுத்தும் ஒரு பதிவு எண்ணும் இருக்கும், இதில் அதுவும் இல்லை. பிறகு தன் கைப்பையில் இருந்து உள்ளங்கை அளவில் ஒரு போத்தல் எடுத்தாள், 30 சதவீத டீட், ஏதோ பத்துப் பன்னிரண்டு டொலராம். “நீங்கள் நிறையக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று நான் இதை வெளியே எடுக்கவில்லை.” பேரனுக்கு வேறு போத்தல், இக்காரிடின் 20 சதவீதம். பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டீட் என்றால் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

உண்மையான டீட்டை எப்படி அறிவது என்று எனக்கு அடுத்த நாளே தெரிந்தது, விலை கொடுத்துத்தான். பூசின கையோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், பிளாஸ்ரிக் பிறேமில் என் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்து பிசுபிசுத்துப்போனது. டீட் சில பிளாஸ்ரிக்கை இளக்கும், மணிக்கூட்டுக் கண்ணாடியையும் நெயில் பொலிஷையும் கெடுக்கும். அந்த மல்லிகைத் தண்ணீரை என் பழைய பேனையில் ஒரு இரவு முழுக்க ஊறவிட்டுப் பார்த்தேன், பேனை மணந்ததுதான் மிச்சம்.

ஊருக்கு வந்த பிறகும் கருவியின் மேல் எனக்கு ஒரு சபலம் இருந்தது. 15,000 ரூபாச் சாமான், ஒருவேளை அலாஸ்கா நுளம்புக்கு எங்கள் பாஷை விளங்கவில்லையோ என்னவோ. இரணைமடு வாய்க்கால் பக்கம் வயல் காவல் கொட்டிலில் பொழுதுபட இரண்டையும் இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு சேட்டைக் கழற்றிவிட்டு இருந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு நுளம்பு வந்து, சரியாக அந்த நீல வெளிச்சத்துக்கு மேலேயே இறங்கி, பின்னங்காலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஆறியிருந்துவிட்டு, பட்டிக்கு ஓரமாக நடந்து வந்து தோலில் ஊசியை இறக்கியது. நான் அடிக்கவில்லை. வயிறு சிவந்து எழும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் வாசித்து அறிந்தேன், இந்த மாதிரிச் சத்தக் கருவிகளை வைத்து வெளியிடத்தில் செய்த பத்து ஆய்வுகளை 2007இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றில்கூட நுளம்பு கடிப்பது குறையவில்லை.

கடைக்குப் போனேன். “அங்க குளிர் ஐயா, அதான் வேலை செய்யேல்ல” என்றான். கொட்டில் கதையைச் சொன்னேன். “அது பற்றரி இறங்கியிருக்கும்.” உரித்த ஸ்ரிக்கரை மேசையில் வைத்தேன். அதற்குப் பதில் இல்லை, உள்ளே போய் முதலாளியைக் கூட்டிவந்தான். முதலாளி பற்றுச்சீட்டைக் கேட்டார். கடதாசித் துண்டைக் கொடுத்தேன், “இது எங்கட கடையெண்டு எங்க இருக்கு?” என்றார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 அடிக்கப் போகிறேன் என்று போனை எடுத்த பிறகுதான் குரல் இறங்கியது. 10,000 தந்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், வழக்கு விவகாரம் என்று அலைய உடம்பில் தெம்பில்லை. வாங்காமல் அன்றே முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டும் என்று மகன் இப்போதும் திட்டுகிறான், அவன் சொல்வதுதான் சரி.

போகிறவர்கள் பூச்சி மருந்து கொண்டு போகவா வேண்டாமா என்றால், ஒரு சின்னப் போத்தல் போதும், அதையும் இங்கே வாங்காதீர்கள், அங்கே பாமசியில் பிள்ளையிடம் வாங்கச் சொல்லுங்கள். அதுவும் கப்பலுக்கு இல்லை, காட்டுப் பாதை, ஆற்றங்கரை என்று இறங்குகிற நாளுக்கு. முழுக்கைச் சேட்டும் காற்சட்டையும் எப்படியும் குளிருக்குப் போடத்தான் போகிறீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கப்பலால் இறங்கி டெனாலி மாதிரி உள்நாட்டுக்குப் போகிறவர்கள் என்றால் கணக்கு வேறு, யூன் நடுவில் இருந்து யூலை நடு வரைக்கும் அங்கே உண்மையாகவே மொய்க்கும், தலைக்குப் போடுகிற வலை ஒன்றும் தேவைப்படும். நோர்வேக்குப் போகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், கரையோரம் பரவாயில்லை, வடக்கே பின்மார்க் உள்நாட்டுப் பக்கம் என்றால் கவனம்.

இதை இவ்வளவு நாள் கழித்து எழுதக் காரணம், போன கிழமை அந்தக் கடைப்பக்கம் பஸ்ஸில் போனேன். கண்ணாடி அலுமாரியில் அதே நீல வெளிச்சக் கருவி, அதே போத்தல். மேலே புது மட்டை: ‘கதிர்காமப் பாதயாத்திரை கிட்’. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து நடக்கிறவர்கள் முல்லைத்தீவால்தான் வருவார்கள், குமண காட்டுக்குள்ளால் போக வேண்டும், வயதான ஆக்கள், காசை முடிச்சில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். உங்கள் வீட்டில் யாராவது நடக்கப் போகிறார்கள் என்றால் இதை வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கருவியைக் கண்டால் பற்றுச்சீட்டில் கடைப் பெயரும் திகதியும் சாமானின் பெயரும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். போத்தல் ஸ்ரிக்கரின் மூலையில் நகத்தை வைத்து மெல்ல ஒரு இழுவையும் இழுத்துப் பாருங்கள்.