குடியை நிறுத்தினால் அடியும் நிற்குமா? சிகிச்சைகள் ஓர் அலசல்

"குடிச்சாதான் இப்படி, மத்தபடி தங்கமான மனுஷன்." அடி வாங்கிய பெண்களே இதைச் சொல்வார்கள். இது உண்மையானால் குடிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதும். இல்லையென்றால் அடிக்கும் பழக்கத்துக்கே தனியாக வைத்தியம் வேண்டும். சிகிச்சைகள் இரண்டு கட்சியாகப் பிரிவது இங்கேதான்.

முதலில் மாத்திரை. டைசல்பிராம் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். அவரே சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட்டால் உதவும். தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். விஷயம் வெளியே வந்தால் அடி யாருக்கு விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கவுன்சிலிங். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவு மீறிக் குடிக்கும் ஆண்களுக்கு, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களை வைத்து ஆலோசனை கொடுத்தார்கள். முடிவு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, கடைசி 14 நாளில் குடியைத் தொடாதவர்கள் 42 சதவீதம். ஆலோசனை பெறாத தரப்பில் 18 சதவீதம்தான். பிரமாதம். ஆனால் மனைவியை அடிப்பதில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்க்கட்சி டுலூத் முறை. அடிக்கும் ஆண்களைக் குழுவாக வகுப்பில் உட்கார வைத்து மாற்றப் பார்ப்பது. 1981-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கியது. அடிப்பது அதிகாரத்தைக் காட்டத்தான், குடி அதற்கு ஒரு சாக்கு என்பது இவர்கள் வாதம். நியாயம் இருக்கிறது. டாஸ்மாக்கிலிருந்து தள்ளாடி வருகிறவர் எதிரே எஸ்.ஐ.யைப் பார்த்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு வணக்கம் வைக்கிறார். வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் கை ஓங்குகிறது! அதற்காகக் குடியை ஓரங்கட்டவும் முடியாது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, கணவர் அடிக்கடி போதையாகும் பெண்களில் 70 சதவீதம் பேர் அவரிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். கணவர் குடிக்காத பெண்களில் அது 23 சதவீதம். தவிர, வகுப்புக்கே போதையில் வருகிறவர் மண்டையில் என்ன ஏறும்?

என் ஓட்டு ஸாம்பியாவின் லுசாகாவில் நடந்ததற்கு. 248 குடும்பங்கள். உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு முறை, ஆணுக்குத் தனியாகவும் பெண்ணுக்குத் தனியாகவும் சிகிச்சை தந்தார்கள். குடி, மனக்காயம், வீட்டில் பாதுகாப்பு என எல்லாமே ஒரே சிகிச்சைக்குள் வந்தன. அடி குறைந்ததா என்று மனைவியிடமே கேட்டார்கள். இதுதான் எனக்கு முக்கியம், அடித்தவரின் கணக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அடியும் குறைந்தது, குடியும் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

தம்பதியை ஒன்றாக உட்கார வைத்துத் தரும் சிகிச்சையும் உண்டு. "இன்று குடிக்க மாட்டேன்" என்று கணவர் தினமும் மனைவி முன்னால் சொல்ல வேண்டும். லேசான தகராறு என்றால் சரி. கை எலும்பு முறியும் அளவுக்குப் போன வீட்டில் வேண்டவே வேண்டாம். அங்கே அவள் வாய் திறந்து பேசியதற்கு ராத்திரி வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், கவுன்சிலிங்கைத் தனியாகவோ சேர்த்தோ நடத்த மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். தனியாகவே வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பாதுகாப்பு உத்தரவையும் கையோடு கேளுங்கள். அவர் குடியை விடும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.