கோயிலோவர் மாட்டினால் டயரில் 40 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும் என்று சொல்லும் கடையா? உஷார்

மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும், எந்தக் காரின் உயரத்தையாவது இறக்கி கோயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற ஸ்பிரிங்-அப்சார்பர் செட்) மாட்ட நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓரளவு பெயரெடுத்த கடைதான். விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

என் கார் என்.டி. எனப்படும் நான்காம் தலைமுறை மாடல், டயர் 205/45 ஆர்17. கோயிலோவர் மாட்டி, காரைக் கொஞ்சம் இறக்கி, அலைன்மென்ட் பார்த்து, நைட்ரஜன் அடித்துத் தருவதாகப் பேச்சு. பில்லில் அலைன்மென்டுக்கு 180 ரிங்கிட், நைட்ரஜனுக்கு 40 என்று தனித்தனியாக இருக்கிறது. சாவியைக் கொடுக்கும்போது கடைக்கார அண்ணன் சொன்னது: "தம்பி, நாலு டயர்லயும் 40 வச்சிருக்கேன். ஸ்பிரிங் ஹார்டு ஆயிடுச்சுல்ல, டயரும் ஹார்டா இருந்தாதான் செட் ஆகும். குறைச்சீங்கன்னா வாரண்டி கிடையாது."

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 200 கிலோபாஸ்கல், அதாவது 29 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறதே என்று கேட்டேன். "அது ஸ்டாக் காருக்கு" என்றார். டயரின் பக்கவாட்டில் 51 என்று அச்சடித்திருப்பதைக் காட்டி, இன்னும் 11 மிச்சம் இருக்கிறது என்று சிரித்தார்.

அந்த 51 என்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. ஓட்டுவதற்கான அளவு இல்லை. டயர் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஸ்பிரிங் கதையும் அப்படித்தான். கோயிலோவர் மாட்டியதால் கார் எடை கூடவில்லை. முன்பும் சுமார் 1,100 கிலோ, இப்போதும் அதே. டயரில் இருக்கும் காற்று தாங்குவது அந்த எடையைத்தான். ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டு டயரையும் கல் மாதிரி ஆக்கினால், சாலையில் உள்ள சின்னச் சின்ன மேடுபள்ளங்களை வாங்கிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. தரையைத் தொடும் ரப்பரும் குறைந்துபோகும்.

பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் சாலையில் மழை விட்ட நேரம் ஓட்டிப் பார்த்தபோது இது நன்றாகவே புரிந்தது. வளைவின் நடுவில் தார் ஒட்டுப் போட்ட இடம் வந்தால் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே இருக்க, கார் ஒரு நொடி வேறு திசைக்குப் போக யோசித்தது. வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை.

அப்புறம் முன் டயர்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்து உள்ளே இருக்கும் துணி தெரிய ஆரம்பித்துவிட்டது. வெளிவிளிம்பில் கோடுகள் புதுசு போல இருந்தன. கடைக்குக் கொண்டுபோனால், "காத்து குறைச்சு ஓட்டியிருக்கீங்க" என்று ஒரே போடு. காற்று குறைந்தால் இரண்டு விளிம்பும் சேர்ந்து தேயும். அதிகமானால் நடுப்பகுதி தேயும். உள்விளிம்பு மட்டும் போனால் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் சாய்வையும் திசையையும், அதாவது கேம்பரையும் டோவையும். காரை இறக்கினால் இரண்டும் மாறும், அதற்குத்தானே 180 ரிங்கிட் கொடுத்தேன்? புது டயர் நான்குக்கு விலை சொல்லிவிட்டு, பழையதை அங்கேயே விட்டுவிடச் சொன்னார்கள். விடவில்லை. எம்எக்ஸ்-5 பூட்டில் டயர் எங்கே போகும், தம்பியின் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அவைதான் சாட்சி.

வேறொரு வொர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கிக் காட்டினார்கள். முன் சக்கரத்தின் திசையைச் சரிசெய்யத் திருப்பும் டை ராட் நட்டைச் சுற்றி ஒட்டியிருந்த சேறும் துருவும் அப்படியே காய்ந்து கிடந்தன. ஸ்பானர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. அளந்து பார்த்தால் இரண்டு முன் சக்கரங்களும் வெளிப்பக்கம் பார்த்தபடி நின்றன. பழைய கடை கொடுத்த அலைன்மென்ட் தாளை அங்கிருந்த மெக்கானிக்கிடம் நீட்டினேன். மேல் மூலையில் கார் மாடல் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார்: பெரோடுவா மைவி. பின் சக்கர வரிசையில் சரிசெய்ததாக எதுவுமே இல்லை. மைவிக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே பீம், அங்கே திருப்ப ஒன்றும் கிடையாது. என்.டி.க்குப் பின்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கம்பிகள் உள்ள மல்டிலிங்க், கேம்பரும் டோவும் இரண்டுமே திருப்பலாம். யாரோ ஒருவருடைய காரின் தாளுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்.

அலைன்மென்ட் முடிந்த பிறகு அவர் காற்றுக்கு வந்தார். ஸ்டிக்கர் அளவான 29-இல் தொடங்கி, ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக மாற்றிப் பார்க்கச் சொன்னார். முன்னே 29, பின்னே 28 என்று வந்து நின்றிருக்கிறது. கொஞ்சம் விரட்டி ஓட்டிவிட்டு அளந்தால் 4 போல ஏறியிருக்கும், அது சரியான ஏற்றம்தான். சூடான டயரில் அளந்து, கூடிவிட்டது என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். காலையில், கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகுதான் அளக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்தரை டிகிரி வெப்பத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. மாறும். செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் இன்னும் குறைத்துத் தொடங்குவார்கள், அங்கே சூடு அதிகம். நைட்ரஜனும் சூட்டுக்கு ஏறத்தான் செய்யும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். பெட்ரோல் நிலையத்து டிஜிட்டல் பம்பில் 200 என்று வைத்தால் இலவசமாகவே வேலை முடிந்துவிடும்.

கடைக்குப் போகும்போது அலைன்மென்ட் தாளை அங்கேயே வாங்கிப் பாருங்கள். கார் மாடல் சரியா, செய்வதற்கு முன்பு இருந்த அளவும் பின்பு வந்த அளவும் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். இறக்கிய காரை மேலே தூக்கி நட்டைக் காட்டச் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை. பில், தாள், பழைய டயர் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மனு போட்டது தெரிந்ததும் அண்ணன் போன் செய்தார். நைட்ரஜன் காசு 40 ரிங்கிட்டைத் திருப்பித் தருகிறாராம். அலைன்மென்ட் மட்டும் செய்தது செய்ததுதானாம்.