முதல் சர்ஃப் போர்டு: 7 அடியா, 8 அடியா?

சென்னைக்கு அருகே கோவளத்தில் நாலு அலைச்சறுக்கு வகுப்பு முடித்ததும் எனக்குச் சொந்தமாக ஒரு போர்டு வேண்டும் என்று தோன்றிவிட்டது. வகுப்பில் கொடுத்தது 8 அடி ஃபோம் போர்டு, பார்க்கச் சின்னத் தோணி மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளி, குப்பத்துப் பையன்கள் ஆறடி போர்டில் அலையைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்தபோது, இரண்டுக்கும் நடுவாக இருக்கட்டும் என்று 7 அடி ஃபைபர் போர்டு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஐந்து மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போது 8 அடி ஃபோமுக்கே திரும்பி வந்திருக்கிறேன். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு அந்த ஐந்து மாதம் மிச்சமாகட்டும்.

நீளமான போர்டு ஆடாமல் நிற்கும், குட்டை போர்டு சட்டென்று திரும்பும், ஃபோம் மேலே பட்டால் அடி குறைவு. இதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சரிதான். ஆனால் என் விஷயத்தில் முடிவு செய்தது அடிக்கணக்கு இல்லை, லிட்டர் கணக்கு.

போர்டின் கன அளவைத்தான் லிட்டரில் சொல்கிறார்கள். பல போர்டுகளில் அடிப்பக்கம் நீளம், அகலம், தடிமனோடு சேர்த்து எழுதியிருக்கும். ஒரு லிட்டர் நீரை விலக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும், அவ்வளவுதான் கணக்கு. நான் 74 கிலோ. என் 7 அடி ஃபைபர் போர்டு 46 லிட்டர். அதன் சொந்த எடையைக் கழித்தால் 42 கிலோவைத்தான் தாங்கும், மீதி என்னை நீர்தான் தாங்க வேண்டும். அதாவது நான் படுத்தவுடனேயே போர்டு நீருக்குள் இறங்கிவிடும், நெஞ்சு தண்ணீரில், தாடை வரைக்கும் உப்பு. 8 அடி ஃபோம் 80 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் படுத்தால் முதுகு காய்ந்தே இருக்கிறது, போர்டு நீரின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அலை நமக்காக நிற்காது. ஒரு மீட்டர் ஆழத்தில் அலை மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் கரைக்கு வரும். அது நம்மைத் தாண்டுவதற்குள் கையால் தள்ளித் தள்ளி ஓரளவு வேகம் பிடித்திருந்தால்தான் அது நம்மைத் தூக்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் அடியில் புகுந்து போய்விடும். நீருக்குள் பாதி மூழ்கிய போர்டை என்ன தள்ளினாலும் அந்த வேகம் வராது. வேகம் போதாததால் அலை உடையப் போகும் நொடி வரைக்கும் காத்திருந்து செங்குத்தான இடத்தில் ஏற வேண்டி வரும், அங்கே முன்மூக்கு தண்ணீரில் குத்தி ஆள் குப்புற விழுவார். நான் எழுந்து நிற்கத் தெரியாமல் விழுகிறேன் என்றுதான் மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன், வீட்டுத் தரையில் பாய் விரித்து எழுந்து எழுந்து பழகினேன். கோளாறு அதற்கும் முன்னாலேயே இருந்திருக்கிறது.

ஒரே காலையில் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். ஃபைபரில் முக்கால் மணி நேரம், நின்றது இரண்டு அலை. வாடகைக்கு எடுத்த 8 அடியில் அடுத்த முக்கால் மணி நேரம், கை ஏற்கெனவே சோர்ந்த பிறகு, பதினொரு அலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் ஈசிஆரில் வண்டி ஓட்டி வருகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. நம் கரையில் காலையில் நிலத்திலிருந்து காற்று வீசும்போதுதான் அலை வழவழவென்று இருக்கும், வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பிவிட்டால் தண்ணீர் கலங்கிக் குழம்பிவிடும். கிடைக்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எத்தனை தடவை நிற்கிறோமோ அத்தனை தடவைதான் உடம்பு கற்றுக்கொள்ளும்.

8 அடியில் தொந்தரவும் இருக்கிறது. அகலம் இருபத்திரண்டு அங்குலத்துக்கு மேல், கக்கத்தில் இடுக்கினால் விரல் மறு ஓரத்தை எட்டாது, காற்றடிக்கிற நாளில் மணலில் நடப்பதே பாடு. பேருந்தில் ஏற்ற முடியாது, காரின் கூரையில்தான் கட்ட வேண்டும். எதிரே நுரை அலை வந்தால் போர்டை முக்கி அடியில் போக முடியாது. கவிழ்ந்து, அடியில் தொங்கிக்கொண்டு, அலையை மேலே போக விட வேண்டும். 7 அடியில் மட்டும் முக்க முடிந்ததா என்றால், என் எடைக்கு அதுவும் அரைகுறைதான்.

பராமரிப்பில் ஃபோமுக்கே என் ஓட்டு. ஃபைபரில் ஒரு கல் பட்டு நகக்கண் அளவு விரிசல் விழுந்தாலும் உள்ளே தண்ணீர் போகும், காய வைத்து, தேய்த்து, ரெசின் பூசும் வரை கடலில் இறங்கக் கூடாது. ஃபோமுக்கு எதிரி வெயில். மதியம் காரின் மேலே விட்டுவிட்டால் ஒட்டிய மேல்தோல் கொப்பளித்துப் பிரியும், நிழலில் வையுங்கள்.

9 அடியில் நான் ஏறியது நாலைந்து தடவைதான், அதுவும் இலங்கையில், அறுகம்பே கடற்கரையில், வாடகைக்கு. அங்கே ஆட்டோக்களின் கூரையிலேயே போர்டு கட்டத் தாங்கி வைத்திருக்கிறார்கள், தூக்கும் கவலை இல்லை. அங்கே பேபி பாயிண்ட் என்ற இடத்தின் சின்ன அலையில் அது அலாதியாகப் போனது. 85 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் 9 அடியை யோசிக்கலாம் என்பது என் எண்ணம், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் அதில் பழகவில்லை.

எடை குறைந்தவர்களுக்கு விஷயம் வேறு. என்னோடு கற்றுக்கொண்ட தோழி 52 கிலோ, அவருக்கு 7 அடி ஃபோம் தாராளமாகப் போதுமானதாக இருக்கிறது. கவனியுங்கள், 7 அடி ஃபோமும் 7 அடி ஃபைபரும் ஒன்றல்ல, நீளம் ஒன்றானாலும் ஃபோமில் தடிமன் கூட, லிட்டரும் கூட. அதனால் விற்பவரிடம் முதலில் லிட்டரைக் கேளுங்கள். உங்கள் எடையின் கிலோ எண்ணுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருந்தால் எடுக்கலாம். வாங்கும் முன் அதே அளவை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

7 அடி ஃபைபரை நான் விற்கவில்லை. 8 அடியில் உடையாத அலையைப் பிடித்து, நேராகக் கரைக்கு வராமல் பக்கவாட்டில் போவது பத்துக்கு ஏழு தடவையாவது கைகூடட்டும், அப்புறம் அதை மறுபடி தண்ணீரில் இறக்குவேன். இப்போதைக்கு மூன்று தடவை போகிறேன்.