பெயர் காட்டுது என்று நம்பிக் காசு கட்டாதீங்க: சென்னை டிக்கட்டில் போன 276,000 ரூபா

பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு வட்ஸ்அப்பில் வியாபாரம் நடத்துற ஒரு பயண முகவர் பக்கம், களுவாஞ்சிகுடியில இருக்கிற எங்கட அக்கா குடும்பத்தின் 276,000 ரூபாவை விழுங்கிட்டுது. நாலு பேர் சென்னை போய்வர, தலைக்கு 69,000. மாமிக்கு அங்க ஒப்பரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. கட்டுநாயக்கவில கவுன்டரில பாஸ்போட்டை நீட்டின பிறகுதான் "இந்தப் பெயர்கள்ல டிக்கட் இல்லை" என்று தெரிய வந்தது. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதுறேன். எப்படி ஏமாத்தினாங்க, காசு கொடுக்க முதல் என்னென்ன பார்க்கணும், எல்லாத்தையும் சொல்லுறேன்.

அந்தப் பக்கத்தை நடத்துறவன் நம்பிக்கையைச் சம்பாதிச்ச விதத்தைக் கவனமா வாசியுங்க. "அக்கா, என்னை நம்ப வேணாம், எயார்லைன்ட வெப்சைட்ட நம்புங்க" என்று சொல்லி, பி.என்.ஆர். என்ற ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு ஒன்றை அனுப்பியிருக்கான். எயார்லைனின் உண்மையான தளத்தில அந்த எழுத்துகளையும் குடும்பப் பெயரையும் போட்டா, நாலு பேரின் பெயர், திகதி, விமான நேரம் எல்லாம் வருது. போலித் தளம் இல்லை, போலி எண்ணும் இல்லை. அதைப் பார்த்த கையோட அக்கா 276,000 ரூபாவையும் அனுப்பிட்டா.

பி.என்.ஆர். என்பது ஆசனம் பிடிச்சு வைச்சதுக்கான பதிவு மட்டும். டிக்கட் அது இல்லை. முகவர்கள் பாவிக்கிற அமேடியஸ், சேபர், கலிலியோ போன்ற முன்பதிவு முறைகளில, ஒரு சதமும் கட்டாமல் பெயரைப் போட்டு ஆசனத்தைப் பிடிச்சு வைக்கலாம். அதுக்கு எயார்லைன் ஒரு கெடு கொடுக்கும். சில நேரம் சில மணித்தியாலம், சில நேரம் ரெண்டு மூன்று நாள். அந்தக் கெடுவுக்குள்ள காசு கட்டி டிக்கட் எடுக்காட்டி ஆசனம் தானாக விடுபடும். கெடு முடியும் வரைக்கும் தளத்தில பெயர் பெரும்பாலும் அழகாத் தெரியும். நீங்க பார்க்கிறது அந்த இடைவெளியில. அவன் அவசரப்படுத்தினதும் அதுக்காகத்தான்: "ஆறு மணிக்குள்ள போடுங்க அக்கா, விலை ஏறப்போகுது."

டிக்கட் எடுத்தாச்சு என்பதுக்கு அடையாளம் 13 இலக்க டிக்கட் எண். முதல் மூன்று இலக்கமும் எயார்லைனுக்குரியது: ஸ்ரீலங்கனுக்கு 603, எயார் இந்தியாவுக்கு 098. ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனி எண் வரணும், நாலு பேர் என்றா நாலு எண். அக்காவுக்கு வந்த பி.டி.எப்.பில் எயார்லைன் சின்னம் இருந்தது, "உறுதி" என்று இருந்தது, பயணப்பொதி 30 கிலோ என்றுகூட இருந்தது. அந்த எண் மட்டும் எங்கயும் இல்லை. மலிவு விலை விமானங்கள் சிலவற்றில இந்த எண் கிடைக்காது. அங்க பதிவைத் திறந்து, கட்ட வேண்டிய நிலுவை பூச்சியம் என்று காட்டுதா என்று பாருங்க.

எண் இருந்தாலும் உடனே நிம்மதியடையாதீங்க. வழமையா முகவர் ஒருவர் டிக்கட்டை எடுத்து, அதே நாள் முடியிறதுக்குள்ள அதை ரத்துச் செய்யலாம், தண்டமும் இல்லை. பின்னேரம் எடுத்து உங்களுக்குக் காட்டிட்டு இரவே அழிக்கிறவங்களும் இருக்காங்க. ஆனபடியால் அடுத்த நாளும், பயணத்துக்கு ரெண்டு நாள் முந்தியும் எயார்லைனுக்கு நேரா போன் எடுத்து "டிக்கட் இஷ்யூ ஆகியிருக்கா, இன்னும் செல்லுபடியா" என்று கேளுங்க. "புக்கிங் இருக்கா" என்று மட்டும் கேட்டா, டிக்கட் இல்லாட்டியும் "இருக்கு" என்று பதில் வரலாம். இன்னொரு வகை, திருட்டு கார்ட்டில எடுக்கிற டிக்கட். கார்ட்டின் சொந்தக்காரர் முறைப்பாடு செய்ததும் அதுவும் ரத்தாகும்.

2008 ஜூன் 1க்குப் பிறகு உலகம் முழுக்க காகித டிக்கட் பெரும்பாலும் நின்றுபோச்சு. இப்ப டிக்கட் இருக்கிறது எயார்லைனின் கணினியில மட்டும்தான். போனில இருக்கிற பி.டி.எப்.பை யாரும் பத்து நிமிஷத்தில செய்வான்.

பிறகு நடந்ததுதான் இன்னும் வயித்தெரிச்சல். விமான நிலையத்தில நின்று அவனுக்குப் போன் எடுத்தா, "எயார்லைன் சிஸ்டம் அப்டேட், ரெண்டு மணித்தியாலம் பொறுங்க." விமானம் போன பிறகு, "நாளைக்கு ஏத்துறேன், ஒண்டும் யோசிக்காதீங்க." பின்னேரம், "ரிஃபண்ட் போட்டாச்சு, 14 வேலை நாள்." இரவில அது 21 வேலை நாளாச்சு. எடுக்காத டிக்கட்டுக்கு எங்கயிருந்து ரிஃபண்ட் வரும்? 276,000 ரூபாவில ஒரு ரூபாகூட எயார்லைனுக்குப் போகலையே! அதுக்கு மேல, "ரிஃபண்ட் அனுப்ப கார்ட் நம்பரும், போனுக்கு வாற ஓ.டி.பி.யும் தாங்க" என்று கேட்டிருக்கான். நல்லவேளை, அத்தான் கொடுக்கேல்லை. உங்களுக்குக் காசு அனுப்ப ஒருத்தனுக்கும் ஓ.டி.பி. தேவையில்லை. மறுத்ததும் புளொக்.

வங்கியில, "நீங்களே அனுப்பின காசு, அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காம திருப்பி எடுக்க ஏலாது" என்றாங்க. வங்கிக்கு வங்கி உடனடியாப் போற காசு அப்படித்தான், அனுப்பின நிமிஷமே மற்றவன் கையில. கணக்கும் நிறுவனத்தின் பெயரில இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில. பொலிஸில முறைப்பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு, கொழும்புக்கு அனுப்பணும் என்று விட்டுட்டாங்க. நாலு பாஸ்போட்டின் படமும் இன்னும் அவனிட்டத்தான் இருக்கு.

நிறைய எழுத நினைச்சேன், இப்ப மனசு நிக்குதில்லை. முக்கியமானது இவ்வளவுதான். தனி ஆளின் கணக்குக்கு டிக்கட் காசு போடாதீங்க. அந்தப் பேஸ்புக் பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியை (Page transparency) திறந்து, எப்ப தொடங்கினது, முந்தி என்ன பெயர் என்று பாருங்க. இந்தப் பக்கம் முந்தி உடுப்பு வித்த பக்கம். முகவருக்கு சிவில் விமானச் சேவை அதிகார சபையின் உரிமம் இருக்கா என்று கேளுங்க. ஏமாந்தா வட்ஸ்அப் உரையாடலை அழிக்காம, வங்கிச் சீட்டோட 101க்கும் (இணைய மோசடி முறைப்பாட்டுக்கு இலங்கை சேர்ட், SLCERT) 1977க்கும் (நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை) உடனே போன் எடுங்க.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இப்படி ஏதாவது பக்கத்தில ஏற்கெனவே காசு கட்டிட்டு பயண நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவங்க, நாளைக்கு என்று தள்ளாம இப்பவே அந்த 13 இலக்கத்தைத் தேடிப் பாருங்க. இல்லாட்டி எயார்லைனுக்கு எடுங்க, முகவரிட்டக் கேட்டு நேரத்தைக் கடத்தாதீங்க.