போலீஸாக ஆட எந்த கேம் நல்லது? ஏபிபி, ஜெயில்பிரேக், ஃபைவ்எம்

திருடன் போலீஸ் ஆட்டத்தில் எல்லோருக்கும் திருடனாக இருக்கத்தான் ஆசை. தெருவில் ஆடிய காலத்திலும் அப்படித்தான், யார் போலீஸ் என்பதைச் சாட் பூட் த்ரீ போட்டுத்தான் முடிவு செய்வோம். ஆன்லைனில் ஒரு நகரம் முழுக்க ஓடிப்பிடிக்கிற கேம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நானும் இரண்டு நண்பர்களும் மூன்றை மாற்றி மாற்றி ஆடினோம். ஏபிபி ரீலோடட், ரோப்லாக்ஸ் என்ற கேம் தளத்தில் இருக்கும் ஜெயில்பிரேக், அப்புறம் ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) மேல் ஓடும் ஃபைவ்எம் ரோல்பிளே சர்வர்கள், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் இடங்கள். கடைசியில் நின்றது ஜெயில்பிரேக்கில். அது சின்னப் பிள்ளைகள் ஆட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய இருப்பதால் காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

சட்டென்று சொல்லிவிடக்கூடியவை முதலில். ஃபைவ்எம்முக்கு ஜிடிஏ 5 ஒரிஜினல் காப்பி வேண்டும், ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ஏபிபி இலவசம், பழைய அன்ரியல் எஞ்சின் 3 என்ற மென்பொருளில் செய்தது, சுமாரான கம்ப்யூட்டரே போதும். ஜெயில்பிரேக் போனிலேயே ஓடும். அழகு என்று பார்த்தாலும் இதே வரிசைதான், ஃபைவ்எம் முதலில், ஜெயில்பிரேக் கடைசியில். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஏபிபியை எனக்கு இன்னும் பிடிக்கும். ஜிடிஏவின் தொடக்க காலத்தில் முக்கியப் பங்கு வகித்த டேவிட் ஜோன்ஸ், ஸ்காட்லாந்தின் டண்டீயில் நடத்திய ரியல்டைம் வேர்ல்ட்ஸ் கம்பெனியின் கேம் அது. 2010 ஜூன் கடைசியில் வந்தது, ஆகஸ்டில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது, செப்டம்பரில் சர்வரையே நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. 2010 கடைசியில் கேமர்ஸ்ஃபர்ஸ்ட் அதை வாங்கி 2011இல் ரீலோடட் என்ற பெயரில் இலவசமாக விட்டது, 2018இல் லிட்டில் ஆர்பிட் கைக்கு வந்தது. சான் பாரோ என்ற கற்பனை நகரம், ஒரு பக்கம் போலீஸ் வேலை பார்க்கும் என்ஃபோர்சர்கள், மறுபக்கம் கிரிமினல்கள். உடை, கார், பச்சை குத்தல் என்று எல்லாவற்றையும் நாமே வரைந்து உருவாக்கலாம், நாம் ஒருவரைச் சுட்டு வீழ்த்தினால் நாமே கேமுக்குள் இசையமைத்த சில நொடி ட்யூன் அவருக்குக் கேட்கும். இப்படியொன்றை வேறு எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை.

சரி, அப்புறம் ஏன் விட்டோம்? எங்கள் மூவரில் இருவருக்குப் போலீஸ் பக்கம்தான் பிடிக்கும். அதனால் நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த கேமில் ஒருவர் போலீஸாக இருப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது? இதற்கு பதில் இல்லாத கேமில் நாள் போகப் போகத் திருடர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், துரத்த ஆள் இல்லாமல் கொள்ளையடிப்பது ரேஷன் கடையில் சாமான் வாங்குவது மாதிரி ஆகிவிடும்.

ஏபிபி இதற்கு ஒரு நேரடியான வழி வைத்திருக்கிறது. கிரிமினல்கள் ஒரு மிஷனில் இறங்கியதும் அதே பலத்துக்கு என்ஃபோர்சர்களை கேமே தேடிப் பிடித்து அனுப்பும். கேமின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்: ஏபிபி என்றால் ஆல் பாயிண்ட்ஸ் புல்லட்டின், ஒரு ஆளைத் தேடச் சொல்லி எல்லாப் போலீஸுக்கும் போகும் அறிவிப்பு. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பக்கமும் செய்வது ஒரே வேலை: ஒரு இடத்துக்குப் போ, ஒரு பொருளைக் காப்பாற்று, எதிரே வருபவரைச் சுடு. சட்டை மட்டும்தான் வேறு. உண்மையான போலீஸ் வேலை என்று இரண்டு உண்டு. கடைக் கண்ணாடியில் காரை மோதிச் சரக்கைத் தூக்கும் கிரிமினலை நேரில் பார்த்தால் சாட்சியாகப் பதிந்து மடக்கலாம். இன்னொன்று, உயிர் போகாத துப்பாக்கியால் மயக்கி விலங்கு மாட்டலாம். என் நண்பன் அந்த மயக்கத் துப்பாக்கியோடுதான் ஒரு மாதம் ஆடினான். குனிந்து விலங்கு மாட்டுகிற அந்த ஓரிரு விநாடியில் மாடியில் நிற்கும் இன்னொருவன் சுட்டுவிடுவான். ஒரு விநாடிக்குள் ஆள் விழுகிற கேமில் பொறுமையாகக் கைது செய்பவருக்கு இடமில்லை. போதாததற்கு, கேம் பணத்தில் வாங்கும் துப்பாக்கி பலதும் 10 நாள் வாடகைக்குத்தான், நாள் முடிந்தால் திரும்ப வாங்க வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் ஆடுகிற எங்களுக்கு அது பெரிய தொல்லை. சர்வர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பதால் தமிழ்நாட்டிலிருந்து ஆடும்போது பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதம், வேறு கழுத்தை அறுக்கும்.

ஜெயில்பிரேக்குக்கு வருகிறேன். பாடிமோ என்ற பெயரில் இரண்டே பேர் சேர்ந்து செய்து 2017இல் விட்ட கேம். கைதியாகவோ போலீஸாகவோ தொடங்கலாம். கைதி சிறையிலிருந்து தப்பினால் கிரிமினல், பிறகு வங்கி, நகைக்கடை, மியூசியம், ரயில் என்று கொள்ளை. இதில் எங்களைக் கட்டிப்போட்டது தலைக்கு விலை வைக்கும் முறை. ஒருவர் ஒவ்வொரு கொள்ளையாக அடிக்க அடிக்க அவர் தலைக்கான விலையும் ஏறும், யார் விலங்கு மாட்டுகிறாரோ அந்தப் பணம் அவருக்கு. அதாவது திருடன் எவ்வளவு கெட்டிக்காரனோ அவ்வளவு போலீஸுக்கும் வருமானம். திருடன் பக்கம் சும்மா இருந்தால் போலீஸும் ஏழை. இரண்டு தொழிலும் ஒன்றையொன்று வாழவைக்கின்றன, ஆனால் செய்கிற வேலை முற்றிலும் வேறு.

இரண்டாவது, பிடிபடுவது அங்கே ஆட்டத்தின் முடிவு இல்லை. கைதானவர் சிறையில் போய் விழுவார், உடனே தப்பிக்கும் வேலையைத் தொடங்கலாம்: மின்பெட்டியைக் குத்திக் கதவைத் திறப்பது, சுவரைத் தகர்ப்பது, சாக்கடை வழி, இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் போலீஸின் பையிலிருந்து கதவு திறக்கும் கீகார்டை உருவுவது. அதனால் பிடிபட்டவருக்குக் கோபம் வருவதில்லை.

ஒரு ராத்திரி நகைக்கடை மொட்டைமாடியில் தனியாக நின்றேன். உள்ளே ஆள் இருப்பது தெரியும், கண்ணாடிப் பெட்டிகளைக் குத்திப் பையை நிரப்பியவர் லேசர்களைத் தாண்டி ஒவ்வொரு மாடியாக மேலே வந்துதான் ஆக வேண்டும், ஒவ்வொரு முறையும் மாடிகளின் அமைப்பு மாறும் என்பதால் எவ்வளவு நேரமாகும் என்று கணிக்க முடியாது. ஹெலிகாப்டர் சத்தம் வேறு, அவருடைய கூட்டாளியாக இருக்கலாம். வெளியே காலை வைத்ததும் டேசர் என்ற மின்அதிர்ச்சித் துப்பாக்கியை அழுத்தினேன், விழுந்தார், விலங்கு. மூன்று கொள்ளைக்கான விலை மொத்தமாக வந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சிறை வாசலில் என் கீகார்டை உருவிக்கொண்டு ஓடியவரும் அவரேதான். ஏபிபியில் நான் பல வாரம் தேடிய ஆட்டம் அந்த ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. சுடுகிற சுகம் ஏபிபிக்குப் பக்கத்தில்கூட வராது. ரோப்லாக்ஸின் பணமான ரோபக்ஸ் கொடுத்து ஸ்வாட் பாஸ் வாங்கியவருக்குக் கூடுதல் வசதி உண்டு, அது எனக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் கூட்டம் அதிகமான சர்வரில் நாலைந்து பேர் சிறை வாசலிலேயே மறித்து நின்று தப்பிக்கவே விடமாட்டார்கள், அப்போது சர்வர் மாறுவதைத் தவிர வழியில்லை.

ஃபைவ்எம்மில் நான் ஆடியது இரண்டு வாரம், அதுவும் ஒரே சர்வரில், அதனால் அந்த அளவுக்கே இதை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் வேலை என்றால் அங்கேதான் அசல் வேலை: விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, ரேடியோவில் பேசும் முறை, வழக்குக்கு அறிக்கை எழுதுவது. 2023 ஆகஸ்டில் ஃபைவ்எம் குழுவையே ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டதால் முன்பு இருந்த தடை பயமும் இல்லை. தமிழில் பேசியே ஆடும் சர்வர்கள் இருப்பது பெரிய ஈர்ப்பு, நடிப்பில் ஆர்வம் உள்ளவர்கள் அங்கே மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். ஆனால் வாரத்தில் இத்தனை மணி நேரம் டியூட்டியில் இருந்தாக வேண்டும் என்று நான் ஆடிய சர்வரில் விதி வைத்திருந்தார்கள், ஆபீஸ் முடிந்து வந்து இன்னொரு ஆபீஸுக்குப் போக எனக்குத் தெம்பில்லை. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க முடிகிறவர் என்றால் முதலில் அதைத்தான் ஆடிப் பாருங்கள்.

ஜெயில்பிரேக்கில் போலீஸாகத் தொடங்குகிறவர்களுக்கு: சிறைக்குள் சுற்றாதீர்கள், அங்கே இருப்பவர்கள் தலையில் விலை இல்லை, உங்கள் கீகார்டுதான் போகும். நேராக நகைக்கடை மாடிக்குப் போய் வெளிவரும் இடத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், முன்னால் நின்றால் உங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடுவார்கள். டேசர் ஒருமுறை தவறினால் திரும்பத் தயாராகச் சில நொடி ஆகும், அதனால் அவர் இரண்டடி வெளியே வரும்வரை பொறுங்கள்.