18,500 ரூபா போயிட்டுது: ஜீ.ரீ.ஏ. ‘ஒரிஜினல்’ செட் வாங்க முதல் இதை வாசியுங்கோ

மாங்குளம் சந்தியில் கூரியர் பார்சலை எடுத்துப் பிரித்த கையோடு எழுதுகிறேன். 18,500 ரூபா. கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கம் கேம் சாமான் சேர்க்கிற பெடியள் எல்லாரும் வாசியுங்கோ.

விற்றது படம் போட்டு ஓடர் எடுக்கிற ஓர் இணையக் கடை. கேட்டது ஜீ.ரீ.ஏ. 5 (கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ என்ற வீடியோ கேம்) கலெக்டர்ஸ் எடிசனில், அதாவது டிஸ்க்கோடு சேகரிப்புச் சாமான்களும் சேர்த்து விற்ற பதிப்பில், வந்த தொப்பி, தகரப் பெட்டி, வரைபடம். கூடவே ஏ2 அளவில் அட்டைப்படப் போஸ்டர். 2013 இல் அந்த எடிசனின் விலையே 150 டொலர். “டிஸ்க் இல்லாத செட், அதாலதான் குறைவு அண்ணை” என்றார்கள். டிஸ்க்கை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்கிறவர்கள் உண்மையில் இருக்கிறார்கள், அதனால் நம்பத்தான் தோன்றும். பெட்டியைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பி வீடியோ அனுப்பினார்கள். தகரத்தில் வெளிச்சம் ஓடியது. மூடும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் முழுக்காசும் வங்கியில் போட்டது. “உங்கட பக்கத்துக்குப் பார்சல் வாங்கேக்க காசு குடுக்கிற முறை இல்லை” என்றதையும் அப்போது கேள்வி கேட்கவில்லை.

வந்த ‘தகரம்’ சாதாரண பிளாஸ்டிக் பெட்டி, மேலே ஸ்டிக்கர். ஒரிஜினல் தொப்பியில் லொஸ் சாண்டோஸ் (கேமில் வரும் நகரம்) சின்னம் நூலால் தைத்திருக்கும். உட்பக்கம் திருப்பினால் தையல் தெரியும். இதில் சூட்டில் ஒட்டிய வைனைல், நகத்தால் கிளப்பினால் மூலை எழும்புகிறது. வன்னி வெயிலில் மோட்டார்சைக்கிளில் நாலு தரம் போட்டால் உரிந்துவிடும். வரைபடம் நாலு ஏ4 தாளை ஒட்டியது.

போஸ்டர்தான் வயிற்றெரிச்சல். ஏ2 என்றால் 42 × 59.4 செ.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் படம் 4961 × 7016 பிக்சல் இருக்கவேணும். ஏறத்தாழ 1000 பிக்சல் அகலப் படத்தை இழுத்தால் அங்குலத்துக்கு 60 புள்ளிதான். முகங்களின் ஓரமெல்லாம் சதுரம் சதுரமாக நிற்கிறது. அதோடு கேம் அட்டை ஏ2 தாளைவிட அகன்ற வடிவம், தாளை நிரப்பினால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். இந்தத் தொடரின் அட்டைகளில் இடப்பக்க மேல்மூலையில் ஹெலிகொப்டர் நிற்பது வழமை. இந்தப் போஸ்டரில் ஹெலிகொப்டரில் பாதியைக் காணவில்லை. குழாயில் சுருட்டாமல் எட்டாக மடித்து வேறு அனுப்பியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு முதல் பதில், “போன் கமெராவில அப்பிடித்தான் தெரியும்”. பிறகு, “பொறுப்பானவர் லீவு”. பிறகு வட்ஸ்அப்பில் வாசித்ததற்கான நீல ரிக் மட்டும், பதில் இல்லை. கடைசியில் வந்ததுதான் தாங்க முடியாதது: “இது வெட்டுக்கொத்து, துவக்குப் படம் போட்ட சாமான். பொலிசுக்குப் போனால் நீங்கள்தான் பதில் சொல்லவேணும்.” துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே வன்னியில் ஆட்கள் அடங்கிப்போவார்கள் என்று தெரிந்தே சொன்னது இது. அந்தக் கேம் மீது சர்ச்சை உண்டு; 2014 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் பெரிய கடைகளே அதை விற்பதை நிறுத்தின. அதற்காகத் தொப்பி வாங்கினவர் குற்றவாளி இல்லை. அதன்பிறகு புளொக்.

18,500 ரூபா!

முற்பணம் போடாதையுங்கோ. உங்கட பெயரும் அன்றைய திகதியும் எழுதின துண்டைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ கேளுங்கோ; பழைய வீடியோவாக இருந்தால் அங்கேயே பிடிபடும். தொப்பியின் உட்பக்கம் காட்டச் சொல்லுங்கோ. வங்கிச் சிலிப், வட்ஸ்அப் உரையாடல் இரண்டையும் புளொக் விழ முதலே சேமியுங்கோ. நுகர்வோர் அதிகாரசபை இலக்கம் 1977. எடுக்கப் போகிறேன்.