தடை வருமுன் எதை வாங்குவது: துப்பாக்கியா, தோட்டாவா?

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்குப் புதிய தடை வரும் என்ற பேச்சுக்கே அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகள் பல காலியாகிவிட்டன. கையில் இருக்கும் பணத்தை அந்தத் தடை குறிவைத்த ஏஆர்-15 வகை ரைஃபிளில் போடுவதா, தோட்டாவில் போடுவதா?

ரைஃபிள் பக்கமும் நியாயம் இருந்தது. இதே வகைத் துப்பாக்கிகளுக்கு 1994-இல் வந்த தடைச் சட்டம் ஏற்கெனவே வாங்கியிருந்த துப்பாக்கிகளையும், 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் பழைய மேகசின்களையும் (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி) தொடவில்லை, 2004-இல் அந்தச் சட்டமே காலாவதியானது. அதனால் 'இப்போதே வாங்கி வைத்தால் தப்பிக்கலாம்' என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் 2013 ஏப்ரலில் புதிய தடை செனட்டில் 40-க்கு 60 என்று தோற்றது. அப்புறம் என்ன, ஏறிய விலை இறங்கியது, கடன் வாங்கி வாங்கியவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

தோட்டா விஷயம் வேறு. பயிற்சிக்கும் முயல், அணில் வேட்டைக்கும் பயன்படும் மலிவான, சிறிய ரகமான .22 தோட்டாகூடக் கிடைக்கவில்லை. ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைகள் அளந்து கொடுத்தன, சரக்கு வரும் நாளில் கதவு திறக்கும் முன்பே வரிசை நின்றது. ரைஃபிள் விலை இறங்கிய பிறகும் இந்தத் தட்டுப்பாடு தீரவில்லை.

ரப்பர் பட்டை வைத்த இரும்புப் பெட்டியில் ஈரம் படாமல் வைத்தால் தோட்டா பல வருடம் கெடாது. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு என் ஓட்டு தோட்டாவுக்குத்தான், அதுவும் ஒரு வருடத்தில் சுடும் அளவுக்கு மட்டும். பதுக்கி விற்கும் ஆசை இருந்தால், சரி, அது வியாபாரம்.